வீடியோ காலில் ட்ராமா தெரபி: கதவைச் சாத்திவிட்டுத் தொடங்குங்கள்

வேப்பமரம்:
கொடுமையோ பேரதிர்ச்சியோ மனதில் விட்டுச்சென்ற காயத்துக்கு (ட்ராமா) வீடியோ வழியாகத் தெரபிக்கு வருகிறவர்களில் பலர் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். வருடக்கணக்கில் அடைத்து வைத்தது, கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் வெளியே வந்துவிடுகிறது. 50 நிமிடம் முடிந்ததும் திரை அணைகிறது, பக்கத்தில் யாரும் இல்லை. அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது, உடம்பு நடுங்குகிறது. அடுத்த வாரம் அவர் வருவதில்லை. தெரபி தனக்கு ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். இதில் அவர் தவறு எதுவும் இல்லை. அந்த வேகத்தை நிதானப்படுத்த வேண்டியது தெரபிஸ்ட்டின் வேலை.

முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகளையும் துக்கத்தையும் தொடுவது, கடைசியாக வாழ்க்கையோடு மறுபடி சேர்வது. 1992-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் வகுத்த இந்த வரிசையைத்தான் இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். அதனால் முதல் இரண்டு மூன்று செஷன்களில் தெரபிஸ்ட் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும்: லைன் அறுந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம், உயிரை விடும் எண்ணம் வருகிறதா, துன்புறுத்தியவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாரா. இருக்கும் இடத்தின் முகவரியை ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் கேட்க வேண்டும், ஏனென்றால் நேற்று விடுதியில் இருந்தவர் இன்று ஊருக்குப் போயிருக்கலாம். இவை எதையும் கேட்காமல் ‘என்ன நடந்தது, சொல்லுங்க’ என்று தொடங்குகிறவரிடம் தொடர வேண்டாம்.

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். தயங்காமல் எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள். ‘ட்ராமா கோச்’, ‘ஹீலர்’ என்று போட்டுக்கொள்ள எந்தப் பதிவும் தேவையில்லை.

நீலக்கதவு:
துன்புறுத்துற ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தா என்ன பண்றதுன்னு நான் சொல்றேன். விஷயம் வெளியே தெரியறது பெரும்பாலும் பேச்சால இல்லைங்க, போனால. கணவனும் மனைவியும் ஒரே ஜிமெயில்ல இருந்தா, செஷன் அழைப்பு கணவர் போன் காலண்டர்லயும் வந்து நிக்கும். சேர்ந்த கணக்குல இருந்து கட்டணம் போனா வங்கி எஸ்எம்எஸ் காட்டிக் கொடுத்துடும். வாட்ஸ்அப்ல ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைப் பாருங்க, தெரியாத கம்ப்யூட்டர் இருக்கான்னு. உளவு ஆப் இருக்குன்னு சந்தேகம் வந்தா அவசரப்பட்டு அழிக்காதீங்க. அழிச்சது அவருக்குத் தெரிஞ்சா ஆத்திரம் உங்க மேலதான் திரும்பும். தோழியோட போனோ, ஆபீஸ் போனோ வச்சுப் பேசுங்க.

இயர்போன் தெரபிஸ்ட் குரலைத்தான் மறைக்கும், உங்க குரலை மறைக்காது. கதவுக்கு வெளியே ரேடியோவை ஓட விடுங்க. வாயால சொல்ல முடியாததை சாட்ல டைப் பண்ணுங்க. ஒரு குறிச்சொல் பேசி வச்சுக்கணும். ‘அரிசி ஊறப் போட்டாச்சா’ன்னு நீங்க கேட்டா அறைக்குள்ள யாரோ வந்துட்டாங்கன்னு அர்த்தம். தெரபிஸ்ட் உடனே இட்லி மாவு பக்குவம் பேச ஆரம்பிச்சு, ஒரு நிமிஷத்துல ‘அப்புறம் பேசலாம்’னு வச்சுடணும். இதை ஒரு தடவை ஒத்திகை பாருங்க. ஒத்திகை இல்லாட்டி பதற்றத்துல அந்தச் சொல்லே வாயில வராது.

அடி இன்னும் நிக்கலைன்னா பழைய நினைவைத் தோண்டுற வேலை வேண்டாம். முதல்ல பெண்கள் உதவி எண் 181, இல்லாட்டி பக்கத்துல இருக்குற ஒன் ஸ்டாப் சென்டர் (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு உதவி மையம்). உயிருக்கு ஆபத்துன்னா 112. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு அலுவலர் மூலமா மனு கொடுக்கலாம்.

இன்னொண்ணு: பாதிக்கப்பட்டவருக்கு 18 வயசு ஆகலைன்னா, பாலியல் குற்றத்தைப் புகார் செய்யறது போக்சோ 19-ஆவது பிரிவுப்படி தெரபிஸ்ட்டோட சட்டக் கடமை. 2017 மனநலச் சட்டம் ரகசியத்தைக் காக்கும். ஆனா அதுக்கும் விதிவிலக்கு உண்டு. இதை முதல் செஷன்லயே தெளிவாச் சொல்றவங்கதான் நேர்மையான தெரபிஸ்ட்.

மணல்வீடு:
வீடியோவில் ஒரு ஆபத்து உண்டு: உறைந்துபோன ஆளும் உறைந்துபோன திரையும் ஒரே மாதிரி தெரியும். பழைய நினைவு வந்து ஒருவர் தன்னை மறந்து வெறித்துப் பார்க்கும்போது, நெட் போய்விட்டது என்று தெரபிஸ்ட் காத்திருந்தால் அவர் தனியாக அதற்குள் மூழ்கிக் கிடப்பார். அதனால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ‘கையைத் தூக்குங்க’ என்று கேட்டுக் கை எழவில்லை என்றால் உடனே போன். இரண்டு தடவை எடுக்கவில்லை என்றால் அவசரத்துக்குக் கொடுத்த ஆளுக்கு அழைப்பு. போனைக் கையில் பிடிக்காமல், நாலு புத்தகத்தின் மேல் மூன்றடி தள்ளி வையுங்கள். முகம் மட்டும் தெரிந்தால் போதாது. மடியில் விரல்கள் பிசைவதும் தோள் இறுகுவதும் தெரிய வேண்டும்.

மீட்டு வர, கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொல்வது எல்லோருக்கும் ஆகாது. இருட்டில் கொடுமை நடந்தவருக்குக் கண்ணை மூடினால் அதே இருட்டுதான். கண்ணைத் திறந்தபடி பாதத்தைத் தரையில் அழுத்தி, ஐஸ்கட்டியை உள்ளங்கையில் வைத்து, தெரிகிற ஐந்து பொருள்களின் பெயரைச் சத்தமாகச் சொல்வது நல்லது. மின்விசிறி, காலண்டர், செம்பு, எது தெரிகிறதோ அது.

கண் அசைவு, மாறிமாறித் தட்டுதல் போன்றவற்றோடு நினைவைக் கையாளும் ஈஎம்டிஆர் தெரபியையும் வீடியோவில் செய்கிறார்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து மாறிமாறித் தட்டும் பட்டாம்பூச்சி அணைப்பை, மெக்ஸிகோவின் அகபுல்கோவில் பவுலினா புயலில் தப்பியவர்களோடு வேலை செய்தபோது லூசினா ஆர்திகாஸ் உருவாக்கினார். யூடியூப் பார்த்துத் தனியாகக் கொடுமையின் நினைவோடு அதைச் செய்யாதீர்கள். நினைவு திறந்துகொண்டால் அதை மூடித்தர ஆள் இருக்க வேண்டும்.

முன்னேற்றத்தை மாதம் ஒருமுறை, பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு) அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 வினாத்தாளில் குறித்து வையுங்கள். 20 கேள்விகள், மொத்தம் 80 மதிப்பெண். 31 முதல் 33-ஐத் தாண்டினால் பிடிஎஸ்டி இருக்கிறதா என்று முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். நினைவுகளைத் தொடும் வாரங்களில் சிலருக்கு எண் சற்று ஏறும். மாதங்கள் போயும் அசையவே இல்லை என்றால் முறையை மாற்றுவது பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள்.

வேப்பமரம்:
நேரத்தைப் பற்றி மணல்வீடு சொல்லாமல் விட்டதைச் சேர்க்கிறேன். கடைசி 10 நிமிடத்தில் புதிதாக எதையும் திறக்கக் கூடாது. செஷன் முடிந்த அரை மணி நேரத்துக்கு ஆபீஸ் மீட்டிங்கோ சமையலோ வைத்துக்கொள்ள வேண்டாம். மாடியிலோ வாசலிலோ நடங்கள். இரவில் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம்.