ரேஸில் ஓடிக் கழித்த ஸ்லிக் டயர், டிராக் டேக்குப் போடலாமா?

நாலாம்_கியர்:
கார் 1,200 கிலோ, முன்சக்கர டிரைவ். இப்போது இருப்பது 235/40 ஆர்18 சாலை டயர், ட்ரெட்வேர் (தேய்மானத் தர எண்) 200, ரிம் 8.5 அங்குலம். ரேஸ் அணி ஓட்டிக் கழித்த 240/640 ஆர்18 ஸ்லிக் (பள்ளக் கோடு இல்லாத வழுவழு ரேஸ் டயர்) ஒரு செட் மலிவாக வருகிறது. டிராக் டேயில், அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாளில், ஒரு செஷன் 20 நிமிடம். சஸ்பென்ஷனில் கை வைக்கவில்லை, முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் கோணம்) மைனஸ் 1.8 டிகிரி. காற்று எவ்வளவு வைப்பது? வேறு என்ன மாற்ற வேண்டும்?

கடைசி_வளைவு:
முதலில் அளவு. சாலை டயரில் 235 என்பது பக்கச்சுவர் முதல் பக்கச்சுவர் வரை. ஸ்லிக்கில் எழுதியிருக்கும் 240 தரையில் படும் ரப்பரின் அகலம், 640 மொத்த விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். உங்கள் டயர் விட்டம் 645, அதனால் அங்கே சிக்கல் இல்லை. அகலத்தில்தான் வரும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, உள்ளே சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டிலும் வெளியே ஃபெண்டரிலும் உரசுகிறதா பாருங்கள். 8.5 ரிம் அந்த டயருக்கு ஆகுமா என்று தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்தது ஆயில், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். பிடி கூடினால் நீண்ட வளைவில் எஞ்சின் ஆயில் சம்பின் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஒரு பக்கம் ஒதுங்கி, பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். இரண்டு மூன்று நொடி போதும், பேரிங் போய்விடும். தடுப்புத் தகடு வைத்த சம்ப்பும் ஆயில் பிரஷர் எச்சரிக்கை விளக்கும் இல்லாமல் ஸ்லிக் வேண்டாம். கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் பெட்ரோலும் இதே போல ஒதுங்கும்.

பிரேக்: சாதாரண டாட் 4 திரவத்துக்குத் தரநிலை கேட்கும் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் இழுத்த பிறகு 155. ஸ்லிக்கோடு இது பத்தாது. 300க்கு மேல் தாங்கும் ரேஸ் திரவமும் டிராக் பேடும் போடுங்கள்.

ரப்பர்_துகள்:
காற்றுக்கு வருகிறேன். சாலைப் பழக்கத்தில் 32 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு இறங்கினால் கெட்டது. 25 டிகிரியில் 32 வைத்த டயர் 85 டிகிரி ஏறும்போது 41 காட்டும். நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு வெந்துபோகும். 20 வைத்துக் கிளம்பினால் அதே சூட்டில் 27. உங்கள் எடைக்குச் சூட்டில் 25 முதல் 27 வரை தொடக்கப் புள்ளி. ஆனால் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறக்காதீர்கள், பக்கச்சுவர் உள்ளுக்குள் நைந்துவிடும். பிட்டுக்குள் (டிராக்கை ஒட்டிக் கார் நிறுத்தும் இடம்) வந்த உடனே டயர்களை அளக்க வேண்டும். பிட்டில் பத்து நிமிடம் பேசிவிட்டு அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

முன்சக்கர டிரைவில் ஒரு பொறி இருக்கிறது. முன் டயர் இரண்டு லேப்பில் சூடாகும், பின் டயர் ஆறியே கிடக்கும். மூன்றாவது லேப்பில் தைரியம் வந்து, வளைவு நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும். ஸ்லிக் கீச்சிட்டு எச்சரிக்காது, விடும்போது சட்டென்று விடும். மழை தூறினால் நேரே பிட்.

கடைசி_வளைவு:
பழைய டயர் வாங்குவதில் ஆழம் மட்டும் பார்க்காதீர்கள். ரப்பரில் இருக்கும் சிறு குழிகள் மிச்சத்தைக் காட்டும், எத்தனை முறை சூடாகி ஆறியது என்பதைக் காட்டாது. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ரப்பர் கெட்டிப்படும். டியூரோமீட்டர் (ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கும் கருவி) இருந்தால் ஒரே செட்டின் நான்கையும் பல இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள். தோளில் (ரப்பர் பக்கச்சுவரோடு சேரும் விளிம்பு) கொப்புளம் இருந்தால் அளவுக்கு மீறிச் சூடானது, வேண்டாம். ஒட்டியிருக்கும் ரப்பர் கட்டிகளை வெப்பக் காற்று அடித்துச் சுரண்டினால்தான் அடியில் உள்ளது தெரியும்.

நாலாம்_கியர்:
கேம்பர் 1.8 அப்படியே விட்டால்?

ரப்பர்_துகள்:
விடலாம், வெளித்தோள் இரண்டு செஷனில் தேய்ந்து வழுக்கும். பைரோமீட்டர் (ரப்பரின் சூட்டை அளக்கும் கருவி) ஊசியை உள், நடு, வெளி மூன்றிலும் குத்துங்கள். உள்விளிம்பு வெளியை விட 5 முதல் 10 டிகிரி சூடாக இருக்க வேண்டும். உங்களுக்குத் தலைகீழாக வரும். 3 டிகிரிக்குக் கொண்டுவர கேம்பர் பிளேட் வேண்டும், வளைவில் கார் சாய்வதை அடக்க ஸ்பிரிங்கும் கெட்டியாக வேண்டும். மலிவாக வந்த டயருக்காக இதெல்லாம் செய்வது செருப்புக்காகக் காலைச் செதுக்கிய கதை. அந்தப் பணத்தை முதலில் பேடிலும் சம்ப்பிலும் போடுங்கள், இந்த சீசன் 200 ட்ரெட்வேரிலேயே ஓடட்டும்.

கடைசி_வளைவு:
அதையும் மீறி வாங்கினால், டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டுவையுங்கள். கோடு விலகியிருந்தால் டயர் ரிம்மில் நழுவியிருக்கிறது, பேலன்ஸ் கெட்டிருக்கும். முதல் செஷன் முடிந்து ஆறிய பிறகு வீல் நட்டை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள்.