‘ஹார்ட்லி’ போட்டு மாட்டிக்கொண்டேன்

கேள்வி: மன்னார்குடி பக்கம் நெல் அறுக்கும் மிஷின் வாடகைக்கு விடுகிறேன். லோனுக்காக எழுதிய கடிதத்தில் ‘மை டிரைவர் வொர்க்ஸ் ஹார்ட்லி’ என்று பெருமையாகப் போட்டேன். படித்தவர் சிரித்துவிட்டார். ‘லி’ வந்தால் வினையடைதானே?

பதில் 1: அண்ணே, அப்படியென்றால் டிரைவர் கிட்டத்தட்ட வேலையே பார்ப்பதில்லை என்று அர்த்தம்! ‘வொர்க்ஸ் ஹார்ட்’ போதும். ஹார்ட், ஃபாஸ்ட் எல்லாம் பெயரடையாகவும் வரும், வினையடையாகவும் வரும்.

பதில் 2: ‘லி’யை நம்பாதீர்கள். ஃபிரண்ட்லி, லவ்லி இரண்டும் பெயரடை. தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘வேகமான மிஷின்’ பெயரடை, ‘வேகமாக அறுக்கிறது’ வினையடை. ஆனால் இந்த ஆன-ஆக கணக்கு சில இடத்தில் காலை வாரும். சோறு நன்றாக மணக்கிறது என்போம். அங்கே ‘ஸ்மெல்ஸ் குட்’தான், ‘வெல்’ இல்லை. குட் என்பது சோற்றைச் சொல்கிறது.

கேட்டவர்: சரி தம்பி, திருத்திவிட்டேன். டிரைவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.