ஐஐக்யூ ரூல் எழுதும்போது மெத்தட், ஆர்க்யுமெண்ட் தேட நல்ல டூல் ஏதாவது இருக்கா?

குமரன்_ஐஏஎம்:
எல்லாருக்கும் வணக்கம். செயில்பாயிண்ட் ஐடென்டிட்டிஐக்யூ (சுருக்கமா ஐஐக்யூ, கம்பெனில யாருக்கு எந்த சிஸ்டத்துல அக்கவுண்ட், அனுமதின்னு பார்த்துக்கற சாஃப்ட்வேர்) 8.3 ப்ராஜெக்ட்ல போன மாசம்தான் சேர்ந்தேன், அதுக்கு முன்னாடி முழுக்க ஜாவா. இங்க ரூல் (ஐஐக்யூக்குள்ள ஓடற சின்னச் சின்ன கோடு) எல்லாம் பீன்ஷெல்லதான் (ஜாவா மாதிரியே இருக்கற ஸ்கிரிப்ட் மொழி) எழுதறாங்க, ப்ரௌசர்ல ஒரு பாக்ஸ், அதுக்குள்ள டைப் பண்றோம், புள்ளி வச்சா அடுத்து என்ன மெத்தட் இருக்குன்னு எதுவும் காட்டாது. இல்லாத மெத்தட் பேரைக் குடுத்தாலும் சேவ் ஆயிடுது, அக்ரிகேஷன் (மத்த சிஸ்டத்துலேர்ந்து அக்கவுண்ட் விவரத்தை இழுக்கற வேலை) ஓட்டும்போதுதான் லாக்ல "மெத்தட் நாட் ஃபவுண்ட் இன் கிளாஸ்"னு வந்து நிக்குது. க்ளையண்ட் குடுத்த விடிஐல (ரிமோட் டெஸ்க்டாப்) வெளி நெட் கிடையாது, அதனால ஒவ்வொரு தடவையும் என் போன்ல தேடி அதைப் பார்த்து டைப் பண்ணிட்டு இருக்கேன். கான்டெக்ஸ்ட், ப்ளான், ஐடென்டிட்டி இதுலெல்லாம் என்ன மெத்தட் இருக்கு, எந்த ரூல் டைப்புக்கு என்ன வேரியபிள் உள்ள வரும், இதெல்லாம் ஒரே இடத்துல தேடற மாதிரி டூல் இருந்தா சொல்லுங்க.

செல்வி_பீன்ஷெல்:
தம்பி, வெளில தேடவே வேண்டாம், உங்க சர்வர்லயே இருக்கு. ஐஐக்யூ வார் ஃபைல் (சர்வர்ல போடற அப்ளிகேஷன் பேக்கேஜ்) கூடவே ஜாவாடாக் (கிளாஸ், மெத்தட் எல்லாத்துக்கும் விளக்கப் பக்கங்கள்) வரும், டெப்ளாய் ஆன அப்ளிகேஷனுக்குள்ள டாக் ஃபோல்டர், அதுக்குள்ள ஜாவாடாக், அதுல இண்டெக்ஸ் பேஜ். டெவ் சர்வர் அட்ரஸுக்குப் பின்னாடி அந்த பாத்தைப் போட்டு ப்ரௌசர்ல திறங்க. இதுல ஒரு பெரிய நன்மை, நீங்க ஓட்டற வெர்ஷனுக்கு உண்டான டாக் அது. நெட்ல கிடைக்கறது 7.1க்கு எழுதினதா 8.4க்கு எழுதினதான்னு பாதி நேரம் தெரியாது. சில டீம்ல செக்யூரிட்டிக்காக அந்த ஃபோல்டரை எடுத்துட்டுதான் டெப்ளாய் பண்ணுவாங்க, அப்படி இருந்தா ஒரிஜினல் வார் ஃபைலை ஜிப் மாதிரி பிரிச்சு அந்த ஃபோல்டரை மட்டும் விடிஐல வச்சுக்கங்க.

முதல்ல படிக்க வேண்டியது செயில்பாயிண்ட்கான்டெக்ஸ்ட், அப்புறம் ஆப்ஜெக்ட் பேக்கேஜ்ல ஐடென்டிட்டி, லிங்க், ப்ரொவிஷனிங்ப்ளான், ஃபில்டர், க்வெரிஆப்ஷன்ஸ். தினப்படி வேலைக்கு பெரும்பாலும் இதுலயே விஷயம் முடிஞ்சிடும்.

ரூல் டைப் விஷயம் தனி, அது ஜாவாடாக்ல தேடினா கிடைக்காது. வெப்-இன்ஃப் உள்ள கான்ஃபிக் ஃபோல்டர்ல எக்ஸாம்பிள்ரூல்ஸ்னு ஒரு எக்ஸ்எம்எல் இருக்கும், அதைத் திறங்க. டைப் வாரியா சாம்பிள் ரூல் இருக்கும், சிக்னேச்சர் டேக்ல இன்புட் என்ன, ரிட்டர்ன் என்னன்னு விளக்கத்தோட எழுதியிருப்பாங்க. உதாரணத்துக்கு பில்ட்மேப் ரூலுக்கு கால்ஸ், ரெக்கார்டு, அப்ளிகேஷன், ஸ்கீமா உள்ள வரும், ஒரு மேப் திருப்பித் தரணும். கஸ்டமைசேஷன் ரூலுக்கு ஆப்ஜெக்ட்ங்கற பேர்ல ரிசோர்ஸ்ஆப்ஜெக்ட் வரும், அதையே மாத்தித் திருப்பித் தரணும். பேரை ஒரு எழுத்து மாத்தினாலும் அது வேற வேரியபிள், உள்ள ஒண்ணும் இருக்காது.

மதுரை_டெவ்:
செல்வி அக்கா சொன்னது சரி. நான் தினமும் பண்றது ஜாவா-பி. ஜேடிகே (ஜாவா டெவலப்மெண்ட் கிட்) இருந்தா அது கூடவே வர்ற கமாண்ட், தனியா இன்ஸ்டால் பண்ண அனுமதி கேட்டு நிக்க வேண்டியதில்ல. வெப்-இன்ஃப் லிப் உள்ள இருக்கற ஐடென்டிட்டிஐக்யூ ஜாரை (கம்பைல் ஆன கிளாஸ் எல்லாம் இருக்கற ஃபைல்) கிளாஸ்பாத்தா குடுத்து கிளாஸோட முழுப்பேரைப் போட்டா அந்த கிளாஸ்லயே இருக்கற மெத்தட் எல்லாம் ரிட்டர்ன் டைப்போட வரிசையா கொட்டும், அதுல வேணுங்கற வார்த்தையை கிரெப் கமாண்டால தேடிக்கலாம். ரெண்டு செகண்ட் வேலை ப்ரோ.

குமரன்_ஐஏஎம்:
ரொம்ப நன்றி அக்கா, ப்ரோ. ஜாவாடாக் எங்க டெவ்ல இருக்கு, இப்பதான் திறந்தேன்! ஜாவா-பில கான்டெக்ஸ்ட்டைப் பார்த்தேன், செர்ச்னு ஒரே பேர்ல நாலஞ்சு வருது, கெட்ஆப்ஜெக்ட், கெட்ஆப்ஜெக்ட்பைஐடி, கெட்ஆப்ஜெக்ட்பைநேம் மூணுமே கிளாஸ், ஸ்ட்ரிங்னு ஒரே மாதிரி தெரியுது. எதை எப்ப யூஸ் பண்றது?

செல்வி_பீன்ஷெல்:
அங்கதான் ஜாவா-பி பத்தாது, அது டைப்பை மட்டும்தான் காட்டும், அந்த ஸ்ட்ரிங் பேரா ஐடியான்னு சொல்லாது. ஜாவாடாக்ல பார்த்தா தெரியும், கெட்ஆப்ஜெக்ட் ரெண்டையும் ஏத்துக்கும், மத்த ரெண்டும் பேர்லயே இருக்கு. கையில இருக்கறது பேர்னு உறுதியாத் தெரிஞ்சா பைநேம் போடுங்க, பின்னாடி படிக்கறவங்களுக்கும் புரியும்.

செர்ச்ல கவனிக்க வேண்டியது ரிட்டர்ன். கிளாஸும் க்வெரிஆப்ஷன்ஸும் மட்டும் குடுத்தா இட்டரேட்டர்ல முழு ஆப்ஜெக்ட் வரும், ஐடென்டிட்டி கேட்டா ஐடென்டிட்டி. மூணாவதா ப்ராபர்ட்டி பேர் குடுத்தா, அது "ஐடி, நேம்"னு ஸ்ட்ரிங்கா இருந்தாலும் சரி லிஸ்ட்டா இருந்தாலும் சரி, ஒவ்வொரு வரியும் ஆப்ஜெக்ட் அர்ரேயா வரும். அதை ஐடென்டிட்டின்னு காஸ்ட் பண்ணா ரன்டைம்லதான் வெடிக்கும். ஆயிரக்கணக்குல ஐடென்டிட்டி இருக்கற இடத்துல ப்ராபர்ட்டி குடுத்து எடுக்கறதுதான் நல்லது, முழு ஆப்ஜெக்ட்டா இழுத்தா மெமரி ஏறிக்கிட்டே போகும். லூப் பாதியில நிறுத்தினீங்கன்னா யூடில்ல ஃப்ளஷ்இட்டரேட்டர்னு ஒண்ணு இருக்கு, அதைக் கூப்பிட்டுட்டு வெளிய வாங்க, இல்லன்னா டேட்டாபேஸ் கர்சர் திறந்தே கிடக்கும்.

நெல்லை_அட்மின்:
ஜாவாடாக் கையில இருந்தும் தேட கஷ்டமா இருந்தா ஸீல் பாருங்க. ஆஃப்லைன் டாக் ப்ரௌசர், இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஓடும். மேக்ல டேஷ்னு இருக்குல்ல, அதோட டாக்செட் (தேடறதுக்கு வசதியா கட்டி வச்ச டாக் தொகுப்பு) ஃபார்மட்டையே இதுவும் படிக்கும். எந்த ஜாவாடாக் ஃபோல்டரையும் டாக்செட்டா மாத்த ஜாவாடாக்செட்னு ஒரு சின்ன கமாண்ட்லைன் டூல் இருக்கு, அதுல ஒரு பேரும் ஃபோல்டரும் குடுத்தா போதும், வர்றதை ஸீலோட டாக்செட்ஸ் ஃபோல்டர்ல போட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்புறம் மெத்தட் பேர்ல பாதி அடிச்சாலே எந்தெந்த கிளாஸ்ல இருக்குன்னு வந்து நிக்கும். ஜேடிகே 9லேர்ந்து ஜாவாடாக் பேஜ்லயே செர்ச் பாக்ஸ் வருது, ஆனா ஸீல்ல ஐஐக்யூ டாக் பக்கத்துலயே ஜாவா ஸ்டாண்டர்ட் லைப்ரரி டாக்கையும் வச்சுக்கலாம், ரூல் எழுதும்போது ரெண்டுமே வேணும்ல. வேற மெஷின்ல மாத்தி எடுத்து வந்தா ஃபைல் உள்ள கொண்டுவர உங்க க்ளையண்ட் ப்ராசஸ் என்னவோ அதுபடி கேட்டு வாங்கிக்கங்க, குறுக்கு வழி வேண்டாம்.

புதுசா_வந்தவன்:
ஏஐ சாட்ல கேட்டா உடனே ரூலே எழுதித் தருதே, அது போதாதா?

மதுரை_டெவ்:
ஆரம்ப வடிவம் எடுக்க சரி. ஆனா இல்லாத மெத்தட்டையும் இருக்கற மாதிரியே அழகா எழுதித் தரும் நண்பா, ஜாவால கம்பைலர் பிடிச்சுடும், பீன்ஷெல்ல அந்த வரி ஓடற வரைக்கும் தெரியாது. அந்த வரி "டெர்மினேட் ஆன யூசர்" கண்டிஷனுக்குள்ள இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க, ப்ரொடக்ஷன்ல முதல் ஆள் வேலையை விட்டுப் போற அன்னிக்குதான் உடையும், போனவரோட அக்கவுண்ட் திறந்தே இருக்கும். அதனால எங்கேர்ந்து வந்த கோடா இருந்தாலும் ஒவ்வொரு மெத்தட்டையும் ஜார்ல சரிபார்த்துட்டு போடுங்க. நான் ஐடிஈல (கோடு எழுதற எடிட்டர்) அந்த ஜாரை கிளாஸ்பாத்ல சேர்த்து, ரூல் பாடியை ஒரு சாதா ஜாவா மெத்தட்டா எழுதி, ஆட்டோகம்ப்ளீட்டோட முடிச்சுட்டு அப்புறம்தான் எக்ஸ்எம்எல்ல ஒட்டுவேன். லாம்டா, ஸ்ட்ரீம் மட்டும் எழுதாதீங்க, ஐடிஈ சும்மா விட்டுடும், பீன்ஷெல் ஏத்துக்காது.

குமரன்_ஐஏஎம்:
ஐடிஈ வழி எனக்கு ரொம்பப் பொருந்துது, நாளைக்கே செட் பண்றேன். கடைசியா ஒண்ணு, ஒர்க்ஃப்ளோ ஸ்டெப்ல இருக்கற ஸ்கிரிப்டுக்கு என்ன வேரியபிள் வரும்னு எங்க பார்க்கறது? எக்ஸாம்பிள் ஃபைல்ல அது இல்ல. அப்புறம் டீம்ல ஒரு லைப்ரரி ரூல் (மத்த ரூல் எல்லாம் கூப்பிடற பொது கோடு) இருக்கு, அதை யார் யார் கூப்பிடறாங்கன்னு தெரியாம கை வைக்க பயமா இருக்கு.

செல்வி_பீன்ஷெல்:
ஸ்டெப்புக்கு பீன்ஷெல்லையே கேட்டுடலாம். திஸ் புள்ளி வேரியபிள்ஸ்னு போட்டா அந்த நேரத்துல உள்ள இருக்கற வேரியபிள் பேர் எல்லாம் அர்ரேயா வரும், ஒரு ஃபார் லூப் போட்டு லாக்ல எழுதுங்க. டெவ்ல மட்டும், பேரை மட்டும். வேல்யூவையும் சேர்த்து எழுதினா பாஸ்வேர்டு ஃபார்ம்ல இருந்து வர்றது லாக் ஃபைல்ல உட்கார்ந்துடும்.

லைப்ரரிக்கு, ஐஐக்யூ கன்சோல்ல எக்ஸ்போர்ட் கமாண்ட்ல க்ளீன் ஆப்ஷன் போட்டு ரூல், ஒர்க்ஃப்ளோ, அப்ளிகேஷன், ஃபார்ம், டாஸ்க்டெஃபினிஷன் எல்லாத்தையும் எக்ஸ்எம்எல்லா இறக்கிட்டு அந்த ரூல் பேரைத் தேடுங்க. பெரும்பாலும் ரெஃபரன்ஸ்டுரூல்ஸ் டேக்குள்ள இருக்கும், ஒர்க்ஃப்ளோல ரூல்லைப்ரரிஸ்னு இருக்கும். சில பேர் கோட்லயே பேரை ஸ்ட்ரிங்கா எழுதி ரூலைக் கூப்பிட்டிருப்பாங்க, அதனால டேக்கை மட்டும் தேடாம வெறும் பேரையும் தேடிடுங்க.

நெல்லை_அட்மின்:
குமரன், பேட்ச் இல்ல வெர்ஷன் அப்கிரேடு வந்தா டாக்செட்டையும் ஐடிஈல இருக்கற ஜாரையும் அன்னிக்கே மாத்திடுங்க. பழைய டாக்செட் பேர்லயே வெர்ஷன் நம்பர் போட்டு வச்சா குழப்பம் வராது, நாங்க 8.2, 8.4 ரெண்டும் பக்கத்து பக்கத்துல வச்சிருக்கோம்.