காற்றுவில்: ஏர் ஸ்பிரிங்குக்கு ஒரு சொல்

பொருள்: மறு: ஏர் சஸ்பென்ஷன், ஏர் ஸ்பிரிங் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சனிக்கிழமை முழுவதும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதே சொற்களை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எது நிற்கிறது, எது நழுவுகிறது என்று இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது.

வண்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 2004ஆம் வருடத்து லிங்கன் டவுன் கார். 4.6 லிட்டர் வி-8 எஞ்சின், ஏறக்குறைய 18 அடி நீளம், லாரியைப் போலத் தனிச் சட்டத்தின்மேல் உடல் பூட்டிய கட்டுமானம். மிச்சிகனில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் இருந்த விக்ஸம் ஆலையில் செய்தது. 2007இல் அந்த ஆலையை மூடினார்கள். அதன்பின் கனடாவில், ஒன்டாரியோவின் செயின்ட் தாமஸ் ஊரில் 2011 வரை இந்த வண்டியைச் செய்தார்கள், அதோடு சரி. நான்கு வருடம் முன்பு எங்கள் தெருவில் இருந்த ஒரு பாட்டி, தன் கணவர் ஓட்டியது, நல்ல கையில் போகட்டும் என்று சொல்லி எனக்குக் கொடுத்தார். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இரும்புச் சுருள் கிடையாது. ரப்பர் உறைக்குள் அடைத்த காற்றுதான் வண்டியின் பின்பக்கத்தைத் தாங்குகிறது. அந்த உறைதான் ஏர் ஸ்பிரிங். அதோடு சேர்ந்து வண்டியைத் தாங்கும் மொத்த அமைப்பு ஏர் சஸ்பென்ஷன். நாம் பெயர் தேடுவது இவை இரண்டுக்கும்தான்.

ஜனவரியில் ஒரு காலை, இராத்திரி சமமாக நிறுத்திய வண்டி பின்பக்கம் சப்பென்று இறங்கிக் கிடந்தது. பம்பருக்கும் பனிக்கும் நடுவே ஒரு கை நுழையவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பின்னங்காலை மடிச்சுப் படுத்த மாடு மாதிரி இருக்கு" என்றார். எஞ்சினைப் போட்டதும், உறைக்குக் காற்றேற்றும் கம்ப்ரஸர் முனகிக்கொண்டே ஓடியது. இரண்டு மூன்று நிமிடத்தில் பின்பக்கம் மெல்ல எழுந்தது. மறுநாள் காலை மறுபடியும் அதே கோலம். இதில் செய்தவர்களின் குறை என்று எதுவும் இல்லை. இருபது வருடம் வெயிலும் பனியும் உப்புத் தண்ணீரும் பட்ட ரப்பர் வேறு எப்படி இருக்கும்?

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

> ஏர் சஸ்பென்ஷன் = காற்று இடைநீக்கம். இணையத்தில் இப்படித்தான் வருகிறது.

தம்பி, வருகிறது என்பது உண்மைதான், நானும் பார்த்தேன். ஆனால் இடைநீக்கம் என்பது ஓர் அதிகாரியை விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து விலக்கி வைப்பது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன் என்றே பெயர் என்பதால் மொழிபெயர்ப்பு இயந்திரம் தவறாக எடுத்த பொருள் அது. இதை நாம் சும்மா விட்டுவிட்டால் பத்து வருடத்தில் பாடப்புத்தகத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் இந்த விவாதம் எனக்கு அவசரமாகப் படுகிறது.

> தொங்கல் அமைப்பு என்பது ஏற்கெனவே சில நூல்களில் உள்ளது. அதையே வைத்துக்கொண்டு, 'காற்றுத் தொங்கல்' எனலாமே?

பேராசிரியர் ஐயா சொன்ன இதை நான் எளிதாகத் தள்ளவில்லை. இந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் உண்மையான பொருள் இருந்தது. குதிரை வண்டிக் காலத்தில் பெட்டியைத் தோல் வார்களில் நிஜமாகவே தொங்கவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்ட் ஊரில் செய்த அமெரிக்கக் கோச்சு வண்டிகள் புகழ்பெற்றவை. மாட்டுத்தோல் வார்களை அடுக்கி நீளவாக்கில் இழுத்துக் கட்டி, அதன்மேல் பெட்டியைக் கிடத்தியிருப்பார்கள். தூளியில் போட்ட பிள்ளை போல அது முன்னும் பின்னும் ஆடும். அந்த வண்டிக்குத் தொங்கல் என்றால் நூற்றுக்கு நூறு பொருந்தும்.

ஆனால் என் வண்டியில் எதுவும் தொங்கவில்லை. வில்லின்மேல் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை ஜாக்கியைச் சட்டத்துக்குக் கொடுத்துத் தூக்கியபோது சக்கரமும் அச்சும் கீழே தொங்கின. அப்போது மட்டும்தான் இந்த அமைப்பில் ஏதோ ஒன்று தொங்குகிறது, அதுவும் வேலை செய்யாத நேரத்தில். தவிர, வேதியியலில் கலங்கல் நீர்மத்துக்குத் தொங்கல் என்ற பெயர் நன்றாக நிலைத்துவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடலாம், ஐயா.

தாங்கலும் ஏந்தலும் எனக்குப் பிடித்தவை. ஆனால் இரண்டுமே நம் ஊரில் ஏரி, குளத்தின் பெயர்கள். வடக்கே வேடந்தாங்கல் மாதிரி, தெற்கே சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் ஊருக்கு ஊர் ஏதாவது ஓர் ஏந்தல் இருக்கும். நீரைத் தாங்குவதும் ஏந்துவதும் என்று நினைத்துப் பார்த்தால் எவ்வளவு அழகான பெயர்கள்! தாங்கி என்றால் பேரிங் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே மொத்த அமைப்புக்கு ஏந்தமைப்பு என்று வைக்கலாம் என்பது என் கருத்து. கீழிருந்து கையால் ஏந்திப் பிடிப்பது போன்ற பொருள் அதில் இருக்கிறது. அதிர்வுதாங்கி என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஷாக் அப்சார்பருக்குப் போகும். எடையைத் தாங்குவது வில், ஆட்டத்தை அடக்குவது அதிர்வடக்கி. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் பழுது பார்க்கிறவன் தவறான பாகத்தைக் கழற்றுவான்.

இனி முக்கியமானது, அந்த ரப்பர் உறை.

பலரும் காற்றுச் சுருள்வில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பிரிங் என்றால் சுருள்வில் என்று பள்ளியில் படித்த பழக்கம், சுருள்வில் மாறிலி என்றே மனப்பாடம் செய்தோம். ஆனால் இதில் சுருள் எங்கே இருக்கிறது? சுருளாக இருப்பது ஸ்பிரிங்கின் ஒரு வடிவம் மட்டுமே. வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் குணம்தான் ஸ்பிரிங். அதற்குத் தமிழில் வில் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

இதை எனக்கு எடுத்துக் கொடுத்தவர் அப்பா. நான் கடாமுடாவென்று பாகங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிங்குக்கு என்ன சொல் என்று கேட்டதும் யோசிக்கவே இல்லை. "எங்க தாத்தா வில்வண்டி வச்சிருந்தாரு. அடியில பட்டை பட்டையா அடுக்கியிருக்கும். அதனாலதான் வில்வண்டி. பாரவண்டிக்கு வில் கிடையாது, குண்டி கழண்டுபோகும்" என்றார். பட்டை அடுக்கிய அந்த ஸ்பிரிங்கை லாரிப் பட்டறைகளில் இன்றும் பட்டை என்றுதான் சொல்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் ஸ்பிரிங் தராசுக்கு விற்றராசு என்று பெயர், அங்கேயும் சுருள் இல்லாத வெறும் வில்தான். ஆக வில் என்பதைத் தாய்ச்சொல்லாக வைத்துக்கொண்டால் ஒரு குடும்பமே கிடைக்கிறது: சுருள்வில், பட்டைவில், முறுக்குவில், காற்றுவில். நான்காவதுதான் என் வண்டியில் இருப்பது.

> வளிவில் என்பது செறிவாக இருக்கிறது.

செறிவுதான், எனக்கும் முதலில் அதுவே மனத்தில் நின்றது. ஈழத் தமிழில் வளி என்றால் காற்று. தமிழ்நாட்டில் வளி, வளிமம் என்று எழுதினால் பலருக்கு வாயு என்ற பொருள் போகிறது. வெறும் கருத்து வேறுபாடாக இருந்தால் விட்டுவிடலாம், ஆனால் கார்களில் வாயு அடைத்த வில் ஒன்று தனியாகவே இருக்கிறது. டிக்கிக் கதவைத் தூக்கினால் மேலேயே நிற்கச் செய்யும் மெல்லிய கருப்புக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். ஆலையில் ஒருமுறை அடைத்து மூடியது, பிறகு யாரும் நிரப்ப மாட்டார்கள், செத்தால் தூக்கிப் போட்டு வேறு மாட்ட வேண்டும். காற்றுவில் அப்படியில்லை. வெளிக்காற்றை எடுத்து ஏற்றவும் இறக்கவும் செய்யலாம். வளிவில்லை அந்த நைட்ரஜன் குழாய்க்கு வைத்துக்கொள்வோம்.

டொராண்டோ அக்கா எழுதிய துருத்தி பற்றி நிறைய யோசித்தேன். பழைய சொல், சொன்னதும் கொல்லனின் உலை கண்முன் வருகிறது. நம் ஊரில் ஏர் சஸ்பென்ஷன் பஸ்களைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் இதை பெல்லோ என்கிறார்கள் என்று சேலத்து நண்பர் எழுதியது அக்கா பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் துருத்தியின் தொழில் காற்றை வெளியே ஊதுவது. இங்கே காற்று வெளியே போவதுதான் நோய். அதனால் பொதுப்பெயராக வைக்கத் தயக்கமாக இருக்கிறது, அக்கா. துருத்தியை இழக்கவும் மனமில்லை. ஆகவே ஒரு யோசனை. பேருந்திலும் லாரியிலும் இரண்டு மூன்று அடுக்கு உப்பலாக வரும் வகை உண்டு, பார்க்கவே துருத்திதான். அதைத் துருத்திக் காற்றுவில் என்போம். என் வண்டியில் இருப்பது வேறு வகை. சட்டைக்கையை உட்புறமாக ஒரு மடிப்பு மடித்தால் எப்படி இருக்குமோ, அப்படி ரப்பர் உறை ஒரு பிஸ்டன்மேல் உருண்டு மடிகிறது. வண்டி மேலும் கீழும் அசையும்போது அந்த மடிப்பு பிஸ்டன்மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். இதை மடிப்புக் காற்றுவில் எனலாம்.

இந்தப் பெயருக்கு இன்னொரு நன்மை உண்டு. கசிவு எங்கே வரும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. சோப்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி இடது பக்க வில்லின்மேல் அடித்தேன். மேல்மூடி, குழாய் இணைப்பு, எங்கும் ஒன்றும் இல்லை. மடிப்பின் விளிம்பில் மட்டும் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின, பால் பொங்குவதற்கு முன்னால் ஓரத்தில் வருமே, அதுபோல. கழற்றி எடுத்து விரலால் இழுத்துப் பார்த்தபோது பழைய செருப்பின் அடிபோல ரப்பர் முழுக்க நுண்வெடிப்பு.

கழற்றும் முறையையும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். டிக்கிக்குள் ஏந்தமைப்புக்கு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஜாக்கி வைக்கும் முன் அதை அணைத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் தூக்கிய வண்டியை உயரமாக நிற்பதாக நினைத்து அமைப்பு காற்றை வெளியேற்றும். முன்பு நான் வண்டியைக் கொடுத்த பட்டறையில் இதை மறந்துவிட்டு ஒருமுறை தூக்கினார்கள். இறக்கியபோது மடிப்பு நசுங்கியது, அந்தக் கசிவு அன்றே தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். வில்லின் தலையில் வரிச்சுருள் வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு) ஒன்று செருகியிருக்கும். அதை முதல் தடை வரை திருப்பினால் காற்று சீறிக்கொண்டு போகும். சீறல் முழுதாக நின்ற பிறகுதான் அடுத்த திருப்பு. அவசரப்பட்டால் வால்வு தோட்டா மாதிரி பறந்து வரும். புதியதை மாட்டியபின் காற்று ஏற்றாமல் வண்டியின் எடையை அதன்மேல் இறக்கக் கூடாது.

இரும்புச் சுருள்வில்லுக்கு மாற்றிவிடு, செலவும் தொல்லையும் குறையும் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். பலரும் அப்படி மாற்றுகிறார்கள். புதிய வழக்கமும் அல்ல. காடிலாக் 1957இல் எல்டொராடோ ப்ரூம் என்ற வண்டியை 13,074 டாலருக்கு விற்றது, நான்கு சக்கரங்களுக்கும் காற்றுவில். கசிவுத் தொல்லை தாங்காமல் பலர் சுருள்வில் போட்டுக்கொண்டார்கள். மின்னணு உணரிகளோடு (சென்சார்) இந்த அமைப்பு மறுபடி வந்தது 1984இல், லிங்கனின் மார்க் செவனில். நான் காற்றுவில்லையே போட்டேன். டிக்கியில் நாலு பெட்டி ஏற்றினால் சுருள்வில் வண்டி இறங்கி நிற்கும். காற்றுவில்லில் உயர உணரி அதைக் கண்டு காற்றேற்றி வண்டியைச் சமநிலைக்குக் கொண்டுவரும். எடை கூடும்போது அழுத்தமும் கூடுவதால் வில்லின் விறைப்பும் அதே அளவில் கூடும், ஆட்டத்தின் தாளம் பெரிதாக மாறாது. அந்தப் பாட்டியின் கணவர் இந்த மிதப்புக்காகத்தான் இதை வாங்கியிருப்பார். அதை எடுத்துவிட்டு அவர் வண்டி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கம்ப்ரஸர் பற்றி நீண்ட சண்டை வேண்டாம். பேச்சில் கம்ப்ரஸர், எழுத்தில் அமுக்கி, போதும்.

இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. தரையிலிருந்து வண்டி நிற்க வேண்டிய சரியான உயரம், அமைப்பு எப்போதும் திரும்பத் தேடிப் போகும் அந்த உயரம். நிலையுயரம் என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் அசையாமல் நிற்கிற மாதிரி ஒலிக்கிறது. ஓட்டவுயரம் என்றால் நாக்கு இடறுகிறது. பட்டறையில் வேலை செய்தவர்கள் யாராவது வாய்வழக்கில் ஒரு சொல் கேட்டிருந்தால் எழுதுங்கள். வலது பக்கக் காற்றுவில்லை வரும் சனிக்கிழமை மாற்றுகிறேன், அப்பா ஊருக்குக் கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவரிடமும் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
மிச்சிகனிலிருந்து