சீஸ்மிக் டேட்டா ஒரு ஸ்லிப் (நழுவல்) காட்டுது, இன்சார் (சாட்டிலைட் ராடார்ல தரை நகர்வை அளக்குறது) வேற காட்டுது, எதை நம்புறது?

பிளவுக்கோடு:
வணக்கம். ஒரு நிலநடுக்கத்துல உடைஞ்ச, கிட்டத்தட்ட வடக்கு-தெற்கா ஓடுற ஸ்ட்ரைக்-ஸ்லிப் ஃபால்ட்டுக்கு (ரெண்டு பக்கமும் பக்கவாட்டுல உரசி நகர்ற நிலப்பிளவு) மாடல் பண்றேன், ரெண்டு மாசமா இதோடதான் மல்லுக்கட்டு. ஃபால்ட்டை 2 கிமீ கட்டங்களா பிரிச்சு, ஒவ்வொரு கட்டமும் 1 மீட்டர் நழுவுனா மேல தரை எவ்வளவு நகரும்னு ஒகாடா ஃபார்முலால கணக்குப் போட்டு, சென்டினல்-1 சாட்டிலைட்டோட இன்டர்ஃபெரோகிராமை (முன்ன-பின்ன எடுத்த ரெண்டு ராடார் படத்தோட வித்தியாசம்) இன்வர்ட் பண்ணா, அதாவது தரை நகர்வுலேர்ந்து பின்னோக்கி ஸ்லிப்பைக் கணக்குப் போட்டா, மேக்னிட்யூட் 7.2 வருது. தூரத்து ஸ்டேஷன்களோட பி, எஸ் அலை மட்டும் வச்சுப் பண்ணா 7.0. வெறும் 0.2 தானேன்னு விட முடியல, மொமென்ட்ல (பாறையோட விறைப்பு, நழுவுன பரப்பு, ஸ்லிப் மூணையும் பெருக்குனது) அது ரெண்டு மடங்கு. இடமும் ஒத்து வரல, பெரிய ஸ்லிப் அலையில பார்த்தா எபிசென்டருக்கு வடக்க 25 கிமீல இருக்கு, இன்சார்ல 15 கிமீல. சேர்த்து ஓட்டுனா ரெண்டுக்குமே ஃபிட் கெட்டுப்போகுது. எங்க தப்பு பண்றேன்?

அலைநீளம்:
அலை இன்வர்ஷன்ல ரப்ச்சர் வேகத்தை (உடைப்பு ஃபால்ட் வழியா பரவுற வேகம்) எவ்வளவுன்னு ஃபிக்ஸ் பண்ணீங்க? உங்க 25 கிமீ மேல எனக்கு சந்தேகம். 15 கிமீல இருக்குற கட்டம், ரப்ச்சர் செகண்டுக்கு 2 கிமீ வேகத்துல போனா 7.5-வது செகண்ட்ல உடையும். நீங்க 3.3னு வச்சிருந்தா அதே 7.5 செகண்டுக்கு மாடல் கிட்டத்தட்ட 25 கிமீ போய் நிக்கும். தூரத்து அலைக்கு எப்போ உடைஞ்சதுன்னு நல்லா தெரியும், எங்கேன்னு அந்த அளவுக்குத் தெரியாது. எல்லாப் பக்கமும் ஸ்டேஷன் இருந்தா ஓரளவு பிடிச்சிடலாம், ஒரே பக்கமா இருந்தா கஷ்டம்தான். அதனால இடத்தை தரை நகர்வு சொல்லட்டும், நேரத்தை அலை சொல்லட்டும், வேகத்தை 1.5லேர்ந்து 3.5 வரைக்கும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க.

மண்புழு:
ரெண்டாவது ராடார் படம் நிலநடுக்கத்துக்கு எத்தனை நாள் கழிச்சு எடுத்தது? அதுக்குள்ள சத்தமில்லாம நழுவுன ஆஃப்டர்ஸ்லிப்பும், பெரிய ஆஃப்டர்ஷாக் இருந்தா அதுவும், மொத்தமா உங்க 7.2க்குள்ள உக்காந்திருக்கும். பக்கத்துல ஜிபிஎஸ் இருந்தா தினசரி பொசிஷனை எடுத்து முதல் நாள் குதிப்பு தனியா, பின்னால மெல்ல ஏறுற வளைவு தனியா பிரிச்சிடுங்க. ஆனா ரெண்டு மடங்கு வித்தியாசத்துக்கு அது மட்டும் போதாது. ரெண்டு மாடல்லயும் ஒரே ரிஜிடிட்டிதானா (பாறையோட விறைப்பு)? ஒண்ணுல 30 கிகாபாஸ்கல், இன்னொண்ணுல அடுக்கு அடுக்கான வெலாசிட்டி மாடல்னா (ஆழத்துக்கு ஆழம் அலை வேகமும் விறைப்பும் மாறுறது) மொமென்ட்டை நேரடியா ஒப்பிடவே கூடாது. குளோபல் சிஎம்டி (உலக நிலநடுக்கங்களோட மொமென்ட் பட்டியல்) மதிப்பையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அது நீண்ட அலைகள்ல வர்றது, நல்ல நங்கூரம்.

கடலோரக்கல்:
யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. ஃபால்ட் வடக்கு-தெற்குன்னா இன்சாருக்கு அந்த நகர்வு சரியாவே தெரியாது, சாட்டிலைட் துருவத்தை ஒட்டிப் போறதால பக்கவாட்டுல பார்க்குது, கிழக்கு-மேற்கும் மேல்-கீழும்தான் நல்லா வரும். இந்தோனேசியாவுல 2018 பாலு நிலநடுக்கத்துல இதே கதைதான், அந்த ஃபால்ட்டும் வடக்கு-தெற்கு, அங்க சாதாரண ஆப்டிகல் படங்களை முன்ன-பின்ன பிக்சல் பிக்சலா ஒப்பிட்டுத்தான் சில இடத்துல 5 மீட்டருக்கு மேல நகர்ந்திருக்குன்னு தெரிஞ்சுது. உங்க இன்டர்ஃபெரோகிராம்ல ஃபால்ட்டை ஒட்டி ஃப்ரிஞ்ச் (வண்ணப் பட்டை) கலங்கிப்போயிருக்கும்ல? ஒரு ஃப்ரிஞ்ச்னா 2.8 செமீ, மீட்டர் கணக்குல நகர்ந்த இடத்துல அதை எண்ணவே முடியாது. அந்த ஓட்டையை உங்க ஸ்மூத்திங்தான் (பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களோட ஸ்லிப்பை ஒத்துப்போக வைக்குறது) நிரப்புது, அதுக்குப் பேரு டேட்டா இல்ல. தயவுசெஞ்சு செக்கர்போர்டு டெஸ்ட் (சதுரங்கக் கட்டம் மாதிரி ஒரு ஸ்லிப்பைக் கொடுத்து இன்வர்ஷன் அதைத் திரும்பக் காட்டுதான்னு பார்க்குறது) போட்டுட்டு அப்புறம் படத்தை நம்புங்க.

பிளவுக்கோடு:
ரொம்ப நன்றி, எல்லாத்தையும் பார்த்தேன். படம் 11 நாள் கழிச்சு எடுத்தது. வேகத்தை 3.3னுதான் பூட்டி வச்சிருந்தேன், 2.2க்கு இறக்குனதும் அலையோட மிஸ்ஃபிட் (மாடல் டேட்டாவோட பொருந்தாத அளவு) நல்லா குறைஞ்சு ஸ்லிப்பும் 17 கிமீக்கு வந்துடுச்சு! செக்கர்போர்டுல 10 கிமீ ஆழத்துக்குக் கீழ கட்டமே தெரியல, எல்லாம் ஒரே மங்கல். என்னோட கூடுதல் மொமென்ட்ல பெரும்பகுதி அங்கதான் கிடக்கு. கிட்ட இருக்குற ஒரு ஜிபிஎஸ்ல மட்டும் மாடல்ல அடங்காம இன்னும் 6 செமீ வடக்க மிச்சம் நிக்குது, அதோட தினசரி டேட்டாவைப் பிரிச்சுட்டு, ஆப்டிகல் படத்தையும் சேர்த்து ஓட்டிட்டு வந்து சொல்றேன்.