அம்மம்மா வீட்டுக் குழு: சனிக்கிழமைக்கு முன் மாரியோ ஓடவேண்டும்

கல்லடிப் பெரியம்மா: சனிக்கிழமை பேரனுக்குப் பிறந்தநாள். எல்லாரும் மத்தியானமே வந்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு டிவியில் பழைய மாரியோ கேம் போடவேணுமாம். நேற்று லெப்டொப்பைக் கொழுவிப் பார்த்தோம், படம் நடுவில் கிழிந்து கிழிந்து வருகிறது. யாருக்காவது தெரியுமா?

ஆரையம்பதி மாமா: டிவி சரியில்லை அக்கா

கல்லடிப் பெரியம்மா: போன வருசம்தான் வாங்கினது

ஆரையம்பதி மாமா: வாங்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே

செங்கலடி அண்ணன்: டிவியில் பிழையில்லை பெரியம்மா. டிவி மேலிருந்து கீழே வரி வரியாக வரையும். பாதி வரையும்போது எமுலேட்டர், அதாவது பழைய கேமை லெப்டொப்பில் ஓட்டும் மென்பொருள், அடுத்த ஃபிரேமை, அதாவது அடுத்த முழுப் படத்தை, தள்ளினால் மேலே பழைய படம், கீழே புதியது. அதுதான் கிழிசல். தம்பி, உன் எமுலேட்டர் ரெட்ரோஆர்ச்சின் வீடியோ செட்டிங்ஸில் வி-சிங்க்கை ஓன் பண்ணு, டிவி ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை அடுத்ததைத் தள்ளாமல் வைத்திருக்கும்.

கல்லடித் தம்பி: பண்ணினேன் அண்ணன். கிழிசல் போயிற்று. ஆனால் மாரியோ மெதுவாக ஓடுகிறார், பாட்டும் இழுபடுகிறது

டொரொன்டோ அக்கா: மாரியோ என்றதும் நினைவு வருகிறது, என்னுடைய கொண்ட்ரா கசெட்டை வாங்கிப் போனவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார் 🙂

செங்கலடி அண்ணன்: விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார், டிவி விநாடிக்கு எத்தனை தரம் படம் வரைகிறது என்பதுதான் அது

ஆரையம்பதி மாமா: அந்தக் கசெட் 2004இல் கடல் வந்தபோது வீட்டோடு போனது பிள்ளை

டொரொன்டோ அக்கா: தெரியாமல் போச்சு மாமா. சரி, விடுங்கள்

கல்லடித் தம்பி: 50

செங்கலடி அண்ணன்: அதுதான் காரணம்! ஜப்பான், அமெரிக்க நிண்டெண்டோ விநாடிக்கு ஏறக்குறைய 60.1 ஃபிரேம் தரும். 50 ஹெர்ட்ஸில் அது அடங்காது. வி-சிங்க் டிவிக்காகக் காத்து நிற்கும், கேமின் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 60க்கு மாற்று. மறுகா மிஞ்சும் 0.1ஐ ரெட்ரோஆர்ச் பாட்டின் வேகத்தை மயிரிழை மாற்றிச் சமாளிக்கும், காதுக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் பத்து விநாடிக்கு ஒருதரம் ஒரு ஃபிரேம் விழுந்து படம் துள்ளும்.

ஆரையம்பதி மாமா: தயிர் எத்தனை சட்டி எடுக்க?

கல்லடிப் பெரியம்மா: ஐந்து போதும். நல்ல எருமைத் தயிராகப் பார்

கல்லடித் தம்பி: 60 போட்டாச்சு. நன்றாக ஓடுகிறது 👍 ஆனால் பட்டனை அமத்தியபிறகு கொஞ்சம் பிந்தித்தான் பாய்கிறார்

செங்கலடி அண்ணன்: டிவியில் கேம் மோட் இருக்கும், அதைப் போடு. டிவி படத்தை மெருகேற்றுவதற்கு எடுக்கும் நேரம்தான் அந்தப் பிந்தல். சார்ஜரையும் கொழுவி வை. பற்றரியில் ஓடினால் லெப்டொப் வேகத்தைக் குறைக்கும், திரும்ப இழுபடும்.

டொரொன்டோ அக்கா: இரவு வீடியோ கோல் எடுங்கள், நானும் பார்க்கவேண்டும்

கல்லடிப் பெரியம்மா: சனிக்கிழமை கரண்ட் நிற்காதே?

ஆரையம்பதி மாமா: என் வீட்டில் வைத்தால் ஜெனரேட்டர் இருக்கிறது

கல்லடிப் பெரியம்மா: பிறந்தநாள் இங்கேதான் தம்பி

ஆரையம்பதி மாமா: சரி, பார்ப்போம்

கல்லடித் தம்பி: அண்ணன், கேம் மோட் எந்த மெனுவில்? ரிமோட்டில் பிக்சர் பட்டன் வேலை செய்யவில்லை

செங்கலடி அண்ணன்: படம் எடுத்து அனுப்பு