சைக்கிள் சங்கத்துக்குப் புது அலுவலகம்: கோரிமேடா, செவ்வாய்ப்பேட்டையா?

குரங்குப்பெடல் டீச்சர்

வணக்கம். சேலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் ஒரு காலத்தில் ஓட்டியவர்களும் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்.

எங்களுடையது சின்னச் சங்கம். சைக்கிள்காரர்களுக்காக மனு எழுதுவோம், பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்போம். வேறு வேலை கிடையாது. ஆறு வருஷமாக நான்கு ரோடு பக்கம் ஒரு மாடியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், இடம் வேண்டுமாம், ஆடி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர்மேல் வருத்தம் இல்லை. எனக்குக் கோபமெல்லாம் அந்தப் படிக்கட்டின்மேல்தான். பத்தொன்பது படி. எங்களிடம் 23 சைக்கிள் இருக்கின்றன. தினமும் விடியற்காலையில் ஆறு சைக்கிளைக் கீழே இறக்கி, எட்டரைக்கு மறுபடி மேலே ஏற்றுவோம். போன தை மாதம் 58 வயதில் ஒரு அம்மா கற்றுக்கொள்ள வந்தார். முதல் நாளே, “ஓட்டக்கூடக் கத்துக்குவேன் டீச்சர், தூக்கத்தான் முடியாது” என்று சிரித்துக்கொண்டே போனார். அப்புறம் வரவில்லை.

மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம்.

அழகாபுரத்தில் இரண்டாவது மாடி. பளபளவென்று இருக்கிறது, லிஃப்டும் உண்டு. ஒரு சைக்கிளைக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினால்தான் கதவு மூடுகிறது. வாடகை 14,000. இதை நானே கழித்துவிட்டேன், ஆனால் எங்கள் பொருளாளருக்கு இன்னும் ஆசை போகவில்லை.

கோரிமேட்டில் ஒரு தரைத்தள வீடு, 9,000. முன்னால் நல்ல வாசல், வேப்பமரம். ஏற்காடு போகிற ரோட்டுக்குப் பக்கம். குழுவில் ஒன்பது பேர் இருக்கிறோம், அதில் ஐந்து பேர் இதைத்தான் சொல்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையாக இருந்த ஒரு நீளக் கூடம், 8,500. தெருவும் தரையும் ஒரே மட்டம், படியே கிடையாது. ஆனால் இருட்டு, புகையேறிய சுவர், அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஏன் என்று குழுவில் கேட்டபோது சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம். 1991, 92இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது நானும் ஒரு தொண்டர். எழுத்துக் கற்க வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தோம். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் வேலையாகவே ஆக்கினார். சொல்லப்போனால் நானே அப்போதுதான் கற்றேன், அண்ணனின் பார் வைத்த சைக்கிளில், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு. என்னோடு கற்றவர்கள் கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள். உடம்பு இளைக்கவேண்டும் என்று அவர்கள் யாரும் வரவில்லை. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் போய்வர வந்தார்கள்.

சேலத்தில் இன்றும் அப்படி ஓட்டுகிறவர்களை நான் பார்ப்பது சிவதாபுரம், பனங்காட்டிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்குக் கொலுசு வேலைக்கு வருகிற வழியில், குகைப் பகுதியில், அம்மாபேட்டைத் தறிக்கார வீதிகளில். கோரிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது வேறு கூட்டம். அவர்களும் நம்மவர்கள்தான், ஆனால் நம் மனுக்கள் எதுவும் அவர்களுக்காக எழுதியதில்லை. வடிகால் மூடியின் கம்பி ரோட்டின் நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கி ஆள் குப்புற விழுவார், குறுக்குவாக்கில் போடுங்கள் என்று பதினோரு மனு கொடுத்தோம். இரண்டு இடத்தில் திருப்பிப் போட்டார்கள். அந்த இரண்டும் கடைத்தெருவில்தான்.

நான் சொல்வது வெறும் பிடிவாதமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இருபதாம் வளைவு

டீச்சர், அந்த “வேறு கூட்டத்தில்” நானும் ஒருவன். கோபமெல்லாம் இல்லை.

கோரிமேடு ஏன் என்று எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஞாயிறு காலை ஐந்தரைக்கு டீக்கடையில் கூடி, அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி மேலே போகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ஏறுவது கஷ்டம்தான், ஆனால் அடிபடுவதெல்லாம் இறங்கும்போது. புதிதாக வருகிறவன் பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருவான், ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். 60 அடி பாலத்துக்குக் கீழே அப்படி ஒரு பையனைத் தூக்கியிருக்கிறேன். விட்டு விட்டுப் பிடிக்கவேண்டும், முன்னும் பின்னும் மாற்றிப் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அடிவாரத்தில் ஆளே இல்லை. நம் அலுவலகம் அங்கே இருந்தால் முதலுதவிப் பெட்டி ஒன்று, பம்பு ஒன்று வைக்கலாம். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதையில் சைக்கிள்காரனை யார் மதிக்கிறார்கள்? அதற்கும் ஒரு மனு எழுதுங்களேன்.

இன்னொன்று. நன்கொடை தருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் கூட்டம்தான். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் குழுவில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோட்டம் எடுப்பவர்

வணக்கம்ங்க டீச்சரம்மா. குகையில் சைக்கிள் கடை வைத்து 31 வருஷம் ஆகிறது. இடம் எது என்பதை நீங்களே முடிவு பண்ணுங்கள். பட்டறை என்றால் பார்க்கவேண்டியது சில இருக்கிறது.

கொலுசுப் பட்டறையில் ஆசிட் புழங்கியிருப்பார்கள். அந்த ஆசிட் சுவரிலும் தரையிலும் ஊறிக் கிடக்கும். அங்கே சைக்கிளை நிறுத்தினால் மூன்றே மாதத்தில் ரிம்மும் ஸ்போக்கும் பூத்துப்போகும், செயின் செம்பழுப்பாகிவிடும். என் மச்சான் அப்படி ஒரு கூடத்தில் இருபது வாடகை சைக்கிளை வைத்துவிட்டு அழுதார். தரையை நாலு தடவை கழுவிவிட்டு, சுவருக்கு டிஸ்டம்பர் வேண்டாம், நல்ல கல் சுண்ணாம்பு ரெண்டு கோட் அடியுங்கள். சுண்ணாம்பு அந்த ஆசிட்டை முறிக்கும், இருட்டும் போகும். தரை மண் நிறைய இருக்குமோ என்று பயப்படவேண்டாம். பட்டறைக்காரர்கள் காலி செய்யும்போது கூட்டிய மண்ணைக்கூட விடமாட்டார்கள், அதில் வெள்ளித் தூள் இருக்கும், விற்றுவிடுவார்கள்.

அப்புறம், வாசலை டேப் வைத்து அளக்காதீர்கள், சைக்கிளை உருட்டிப் பாருங்கள். பழைய நாட்டு சைக்கிள் எந்த வாசலிலும் நுழையும். இந்தத் தம்பிகள் ஓட்டுகிற மலை சைக்கிளின் ஹேண்டில் இரண்டேகால் அடிக்கு மேலே, பழைய கதவில் முட்டும். லீ பஜார் பக்கம் என்றால் காலையில் லாரி நின்று லோடு இறக்கும், தெருவே அடைத்துக்கொள்ளும். எந்தத் தெரு என்று பார்த்து முடிவு பண்ணுங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய் நில்லுங்கள். படி இல்லாத கூடம் என்று சந்தோஷப்படுகிறீர்கள், தண்ணீருக்கும் படி கிடையாது அல்லவா?

கற்றுக்கொடுக்க மைதானம் எங்கே என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

ரசீது புத்தகம்

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சுருக்கமாக.

உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்ததாகத்தான் இருக்கும். குழுக் கூட்டத்தில் முகவரி மாற்றத் தீர்மானம் போட்டு மினிட்ஸில் எழுதி, பதிவாளர் அலுவலகத்தில் தெரிவியுங்கள். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது மாட்டிக்கொள்கிற சங்கங்களை வருஷாவருஷம் பார்க்கிறேன். பான், வங்கி, நன்கொடைக்கான வரிச்சலுகை ரசீது எல்லாவற்றிலும் ஒரே முகவரி வரவேண்டும். பழைய ரசீது புத்தகம் மிச்சம் இருக்கிறதே என்று பேனாவால் அடித்து எழுதாதீர்கள்.

ஒரு லட்சம் அட்வான்ஸ் பற்றி: 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. உங்கள் கணக்கில் 25,500. அந்த “எழுதாதவரை” என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசுங்கள். கோரிமேடு வீடாக இருந்தால் மின் இணைப்பு வீட்டுக் கணக்கிலா இருக்கிறது என்று பாருங்கள், அலுவலகம் நடத்த அது ஆகாது.

குரங்குப்பெடல் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. கோட்டம் எடுக்கிற அண்ணா கேட்ட மைதானக் கேள்வியில் இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று. எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்! இப்போது நாங்கள் பயிற்சி கொடுக்கிற பள்ளி மைதானம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தூரம்.

நேற்று மழை. காலையில் ஒரு மலை சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனேன் (55 வயதில் அந்தச் சீட்டில் உட்காருவதற்குத் தனி வீரம் வேண்டும்). கூடத்துக்கு வெளியே தண்ணீர் தேங்கியிருந்தது, உள்ளே வரவில்லை. வாசல்நிலை ஒரு விரல்கடை உயரம் இருக்கிறது, அதுதான் தடுத்திருக்கிறது. சைக்கிள் நேராக உள்ளே போயிற்று, ஹேண்டில் இரண்டு பக்கமும் இடிக்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் ஊதுகுழாயோடு உட்கார்ந்திருந்தவர், “காத்தடிக்கிற பம்பு வெப்பீங்களாம்மா?” என்று கேட்டார். வாசலில் அவருடைய சைக்கிள், பின்டயரில் மூன்று பஞ்சர் ஒட்டு.

மைதானத்துக்கு ஒரு வழி கிடைத்தது. அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், எட்டு மணிவரை தெருவே காலி. வாரத்துக்கு ஒரு நாள்தான் என்றாலும் தூக்கி இறக்குகிற வேலை இல்லை.

வீட்டுக்காரரிடம் சட்டம் பேசவில்லை. சுண்ணாம்புச் செலவு எங்களுடையது, அட்வான்ஸ் நாற்பதாயிரம் என்று கேட்டேன். ஐம்பதில் நின்றது.

இருபதாம் வளைவு தம்பிக்கு: கூச்சப்படாமல் சொன்னதற்கு நன்றி. குழுவில் உங்கள் பதிவை அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடிவாரத்தில் வைக்க ஒரு பம்பும் முதலுதவிப் பெட்டியும் சங்கம் வாங்கித் தரும். டீக்கடைக்காரரிடம் பேசி வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பிரேக் பாடம் நீங்களே எடுங்கள். கோடை விழா மனுவை இப்போதே எழுதினால்தான் அடுத்த மேக்குள் யாராவது படிப்பார்கள்.

இருபதாம் வளைவு

டீக்கடை அண்ணன் சரி சொல்லிவிட்டார், பம்பைச் சங்கிலி போட்டுக் கட்டவேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஞாயிறு மலை கிடையாது. பன்னிரண்டு பேர் நான்கு ரோட்டுக்கு வருகிறோம். அந்தப் பத்தொன்பது படியைக் கடைசித் தடவை நாங்கள் இறக்குகிறோம்.

குரங்குப்பெடல் டீச்சர்

வாருங்கள். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தலைவர் பால் காய்ச்ச ஒத்துக்கொள்ள மாட்டார், கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் கடைத்தெருவில் நுழையவும் முடியாது. அதனால் இந்த ஞாயிறை விட்டால் வேறு நாள் இல்லை. 23 சைக்கிளையும் ஓட்டிக்கொண்டே போய்விடுவோம். ஓடாத ஒன்பதை உருட்டிக்கொண்டு. பீரோவுக்கு மட்டும் குட்டி யானை வேன் சொல்லியிருக்கிறேன், அதைப் பற்றி யாரும் கிண்டல் செய்யக்கூடாது.

58 வயது அம்மாவின் நம்பரைப் பழைய நோட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.